அந்த பிடிஎஃப் யாரோடது?

நான் என்ன வேலை பாக்குறேன்னு எங்க அம்மாவுக்கு இன்னும் முழுசா புரியல. "கம்ப்யூட்டர்ல பாடம் செய்யறான்"ன்னு சொந்தக்காரங்ககிட்ட சொல்லிடுவாங்க, அது ஒண்ணும் தப்பும் இல்ல. கம்பெனியில புதுசா சேர்றவங்க, ஷாப் ஃப்ளோர்ல மெஷின் ஓட்டுறவங்க, கவுன்டர்ல உக்கார்றவங்க எல்லாரும் ஸ்க்ரீன்ல தட்டித் தட்டிப் படிக்கிற மாதிரி கோர்ஸ் செய்யணும், நடுவுல கேள்வி வரும், இழுத்துப் போடுற விளையாட்டு வரும், ஒரு பொம்மை மனுசன் கை கூப்பி வணக்கம் சொல்வான். 2009ல இருந்து இதான் பொழப்பு. இன்னிக்கு சொல்ல வந்தது பொம்மை மனுசனப் பத்தி இல்ல. அவனுக்குப் பக்கத்துல ஒரு ஓரமா "முழு விதிமுறையும் படிக்க"ன்னு ஒரு பட்டன் இருக்கும்ல, அமுக்கினா ஒரு பிடிஎஃப்போ வேர்ட் ஃபைலோ திறக்கணும், அந்தப் பட்டனப் பத்தி.

இந்த வேலையில இல்லாதவங்ககிட்ட சொன்னா சிரிப்பாங்க. ஒரு லிங்க் தானேப்பா, ரெண்டு நிமிசம். நானும் அப்படித்தான் நெனச்சேன், மொத மொதல்ல க்ளையன்ட் முன்னாடி மாட்டிக்கிற வரைக்கும்.

சேர்ந்து ஆறு மாசம் கூட ஆகல. கோர்ஸ் முடிச்சு, லிங்க் கேக்குற கட்டத்துல ஃபைல் எங்க இருக்கோ அந்த முகவரிய அப்படியே காப்பி பண்ணி ஒட்டிட்டேன், அதாவது சி ட்ரைவ், யூசர்ஸ், என் பேரு, டெஸ்க்டாப்னு தொடங்கி ஃபைல் பேரு வரைக்கும். என் சிஸ்டம்ல தட்டினா ஜோரா திறக்குது. ஏன் திறக்காது, ஃபைலு அங்கதானே இருக்கு! சர்வர்ல ஏத்தி டெமோ காட்டும்போது க்ளையன்ட் மேடம் தட்டுறாங்க, ஒண்ணும் நடக்கல. எரர் வந்தா கூட பரவால்ல, ஏதாவது சாக்கு சொல்லலாம். ஒண்ணுமே நடக்கல. இணையத்துல இருந்து வர்ற பக்கம் உங்க மெஷின்ல இருக்குற ஃபைலத் தொடக் கூடாதுன்னு ப்ரௌசர் சத்தமில்லாம தடுத்துரும், டெவலப்பர் கன்சோலத் திறந்து பாத்தா மட்டும் சிவப்புல ஒரு வரி இருக்கும். அந்த மேடம் எங்க கன்சோல் திறக்கப் போறாங்க? "பட்டன் வொர்க் ஆகல தம்பி"ன்னாங்க. "எங்கிட்ட ஓபன் ஆகுதே மேடம்"னு ஒரு வார்த்தை விட்டேன் பாருங்க, எங்க லீடு திரும்பிப் பாத்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு.

அப்ப ஃப்ளாஷ்ங்குற சாஃப்ட்வேர்ல கோர்ஸ் செஞ்ச காலம். சிடியில கோர்ஸ் போட்டுக் குடுக்குற வழக்கமும் முழுசா போகல. சிடியில தானா ஓடுற ஃப்ளாஷ் ஃபைலுக்கு ப்ரொஜெக்டர்னு பேரு, அதுல இருந்து வேற ஒரு ப்ரோக்ராமத் தொறக்கணும்னா அத எஃப்எஸ்கமாண்ட்னு பேரு வச்ச ஃபோல்டருக்குள்ள போட்டாத்தான் தொறக்கும், வேற எங்க வச்சாலும் அசையாது. இது தெரியாம ஒரு நாள் பூரா உக்காந்திருக்கேன். டாக்எக்ஸ்னு வேர்ட் ஃபைலோட புது வகை, அந்தக் கூத்து ஒண்ணு தனியா இருக்கு. ஆஃபீஸ் 2007 வந்தப்புறம் எல்லாரும் டாக்எக்ஸ்ல சேவ் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க, ஆனா க்ளையன்ட்டோட சர்வர் பழைய விண்டோஸ் 2003, அதுல ஃபைலப் பரிமாறுற ஐஐஎஸ்ங்குற சாஃப்ட்வேருக்கு இந்த எக்ஸ்டென்ஷனே தெரியாது, தெரியாத வகை ஃபைல அது குடுக்கவே குடுக்காது. ஃபைல் கண்ணு முன்னாடி ஃபோல்டர்ல இருக்கு, லிங்க்கும் சரி, ப்ரௌசர்ல 404, அதாவது ஃபைலே இல்லைன்னு பதில். சர்வர் பாத்துக்கிட்ட அண்ணன் ஒரே ஒரு வரி சேத்தாரு, திறந்துருச்சு. அந்த ஒரு வரிய கண்டுபிடிக்க ரெண்டு நாள்.

ஃப்ளாஷ் 2020 டிசம்பர் 31ஓட முடிஞ்சுது, அதுக்குள்ள எல்லாரும் ஸ்டோரிலைன், கேப்டிவேட்னு வேற கோர்ஸ் செய்யற சாஃப்ட்வேருக்கு மாறி, ப்ரௌசர்லயே நேரா ஓடுற எச்டிஎம்எல்5க்கு வந்துட்டோம். ஸ்டோரிலைன்ல ஒரு பட்டனுக்கு ஃபைலக் காட்டினா, பப்ளிஷ் பண்ணும்போது அதுவே ஃபைல காப்பி எடுத்து ஸ்டோரி கன்டென்ட் ஃபோல்டருக்குள்ள எக்ஸ்டர்னல் ஃபைல்ஸ்னு இன்னொரு ஃபோல்டர் போட்டு வச்சிரும். சி ட்ரைவ் அவமானம் அதோட தீந்துச்சு. ஆனா இந்த வசதிதான் பெரிய வம்புக்கு விதை, அத அப்புறம் சொல்றேன்.

அதுக்கு முன்னாடி பேரு விஷயம். இங்கிலீஷ் பேரா இருந்தா ரெண்டே ரெண்டு தொல்லைதான், ஸ்பேஸும் பெரிய எழுத்து சின்ன எழுத்தும். விண்டோஸ் ரெண்டு எழுத்தையும் ஒண்ணா எடுத்துக்கும், லினக்ஸ் சர்வர் எடுத்துக்காது, அவ்ளோதான். தமிழ்ல பேரு வச்சா கதையே வேற. 2015 வாக்குல ஒரு ப்ராஜெக்ட், க்ளையன்ட் தமிழ்லயே எல்லாம் வேணும்னாங்க, நாங்களும் ஆசையா ஃபைல் பேரக் கூட தமிழ்ல வச்சோம். "கொள்கை"ன்னு ஒரு பிடிஎஃப். மூணே எழுத்து. டிசைனர் தம்பி மேக்ல வேலை பாக்குறவன், பிடிஎஃப் எல்லாம் அவன்தான் செஞ்சு பேரு வச்சான், லிங்க் விண்டோஸ்ல உக்காந்து நான் டைப் பண்ணேன். அவன் மேக்ல திறக்குது. சர்வர்ல ஏத்தினா 404. ஸ்பெல்லிங் பாத்தாச்சு, ஸ்பேஸ் பாத்தாச்சு, ஃபைலயே அழிச்சு திருப்பி ஏத்தியாச்சு. ரெண்டு ஃபைல் பேரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா ரெட்டப் பொறவி மாதிரி இருக்கு, ஒரு புள்ளி வித்தியாசம் இல்ல.

எங்க டெஸ்டிங் அக்கா ஒருத்தங்க, பேச்சே கம்மி, அவங்கதான் ரெண்டு பேரையும் நோட்பேட்ல ஒட்டி கடைசியில இருந்து பேக்ஸ்பேஸ் தட்டித் தட்டிப் பாத்தாங்க. 'கை' போச்சு, 'ள்' போச்சு, 'கொ' மட்டும் நிக்குது. இன்னொரு தட்டு. நான் டைப் பண்ணதுல 'க' நின்னுச்சு. தம்பி வச்ச பேருல 'கெ' நின்னுச்சு! அதாவது எழுத்துக்கெல்லாம் மெஷினுக்குள்ள நம்பர் குடுக்குற யூனிகோடுங்குற முறையில 'ஒ' சேர்ற குறிய ரெண்டு விதமா எழுதலாம், கொம்பும் காலும் சேந்த ஒரே குறியாவும் வைக்கலாம், கொம்பு தனி கால் தனின்னு ரெண்டு குறியாவும் வைக்கலாம். பழைய மேக் ஃபைல் சிஸ்டம் எச்எஃப்எஸ் ப்ளஸ் எத குடுத்தாலும் பிரிச்சுத்தான் வச்சுக்கும், தேடும்போதும் பிரிச்சே தேடும், அதனால அதுக்குள்ள எல்லாம் ஒழுங்கா நடக்கும். அங்கருந்து ஜிப் பண்ணி லினக்ஸுக்கு வந்தா பிரிச்ச பேருதான் வரும், லினக்ஸுக்கு அது வேற பேரு. கொ, கோ, கௌ மூணு வரிசையுமே இப்படித்தான். கண்ணுக்கு ஒண்ணு, மெஷினுக்கு ரெண்டு. அக்கா ஒண்ணும் சொல்லல, ஸ்க்ரீன்ல அந்த 'கெ'யக் காட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க.

இன்னொண்ணு, தமிழ்ப் பேரு வச்ச லிங்க்க வாட்ஸாப்ல அனுப்பிப் பாத்திருக்கீங்களா? ஒவ்வொரு குறிக்கும் மூணு பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு சதவீதக் குறியும் ரெண்டு எழுத்தும். கொள்கைங்குற மூணெழுத்து, உள்ள ஆறு குறி, ஐம்பத்தி நாலு எழுத்தா நீண்டு வரும். பாக்குறவங்க வைரஸ்னு நெனச்சு தொட மாட்டாங்க. தமிழ்ப் பற்று இருந்தாலும் சொல்றேன், ஃபைல் பேர மட்டும் சின்ன எழுத்து இங்கிலீஷ்ல ஸ்பேஸ் இல்லாம வைங்க, பட்டன் மேல என்ன வேணா அழகா தமிழ்ல எழுதிக்கோங்க. ஃபைலுக்கு உள்ள இருக்குற தமிழும் யூனிகோடா இருக்கட்டும். வானவில், பாமினின்னு பழைய ஃபான்ட்ல டைப் பண்ண வேர்ட் ஃபைல அப்படியே குடுத்துருவாங்க, அந்த ஃபான்ட் இல்லாத ஃபோன்ல தொறந்தா இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா யாரோ கோபத்துல கீபோர்டக் குத்துன மாதிரி இருக்கும். பிடிஎஃப்பா மாத்தினா பாக்க நல்லா இருக்கும், ஆனா உள்ள "விடுப்பு"ன்னு தேடினா கிடைக்காது. ஐம்பது பக்க விதிமுறையில தேட முடியலன்னா அத எதுக்குக் குடுக்கணும்?

சரி, லிங்க் திறந்துருச்சுன்னே வச்சுப்போம். எங்க திறக்குது? இதுல நாங்க வாங்கின அடி சாதாரண அடி இல்ல. கோர்ஸ் எல்லாம் ஸ்கார்ம்னு ஒரு வரையறைப்படி பேக் பண்ணுவோம். அமெரிக்க ராணுவத் துறையோட ஏடிஎல் அமைப்பு கொண்டு வந்தது, அதோட 1.2 பதிப்பு 2001ல வந்தது, இன்னிக்கும் பாதி க்ளையன்ட் அதத்தான் கேக்குறாங்க. கோர்ஸ் ஓடும்போது அது எல்எம்எஸ்ஸோட, அதாவது யாரு எந்த கோர்ஸ முடிச்சாங்கன்னு கணக்கு வைக்குற சாஃப்ட்வேரோட, பேசிக்கிட்டே இருக்கும், ஆரம்பிச்சாச்சு, இவ்ளோ முடிச்சாச்சு, மார்க் இது, கெளம்பறேன்னு. இப்ப பிடிஎஃப் லிங்க் புது டேப்ல திறக்காம கோர்ஸ் இருக்குற அதே விண்டோல திறந்தா என்ன ஆகும்? கோர்ஸ் எடுபட்டுப் போய் அந்த இடத்துல பிடிஎஃப் வந்து உக்காரும். போற போக்குல கோர்ஸ் "கெளம்பறேன்"னு சொல்லிடும். ஆளு பிடிஎஃப் படிச்சுட்டு பேக் அமுக்கி வருவாரு, ஸ்லைடு எல்லாம் தெரியும், கேள்விக்கு பதிலும் சொல்வாரு, ஆனா ஒரு தடவ கெளம்பறேன்னு சொன்னவன் திருப்பி வந்து ஆரம்பிக்கறேன்னா பல எல்எம்எஸ் ஒத்துக்காது. எதுவும் பதிவாகாது. எங்களுக்கு இப்படித்தான் ஒரு மாசக் கடைசியில ஃபோன் வந்துச்சு, ஒரு டிபார்ட்மென்ட்ல நூத்துக்கும் மேல ஆளுங்க கோர்ஸ முடிச்சேன்னு சொல்றாங்க, ரிப்போர்ட்ல எல்லாரும் இன்கம்ப்ளீட். ஒழுங்கா எல்லா லிங்க்கையும் தட்டிப் படிச்சவங்க மட்டும் மாட்டினாங்க. லிங்க்க சீண்டாம நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு ஓடுனவங்க எல்லாம் கம்ப்ளீட்! எனக்கு சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

அதனால புது டேப். ஆனா அது கூட ஆளு கையால தட்டும்போதுதான் திறக்கணும், ஆடியோ முடிஞ்சதும் தானா பிடிஎஃப் திறக்கட்டும்னு சில பேரு கேப்பாங்க, ப்ரௌசர் அத பாப்அப்னு நெனச்சு அமுக்கிடும். ஃபோன்ல இன்னும் மோசம். சில ஆப்புக்குள்ள பிடிஎஃப் முழு ஸ்க்ரீனுக்கும் வந்துரும், மூடுறதுக்கு ஒரு பெருக்கல் குறி கூட இருக்காது, ஆப்பயே மூடிட்டு திருப்பி வரணும். இத சரி பண்ண முடியாத இடத்துல நாங்க ஒண்ணு பண்றோம், லிங்க் எல்லாத்தையும் நடுவுல வைக்காம கோர்ஸ் முடிஞ்சு கம்ப்ளீட் பதிவான அப்புறம் வர்ற ஸ்லைடுல வச்சுடுறோம். ரொம்ப அழகான தீர்வு இல்ல, ஆனா யாரோட மார்க்கும் போகாது.

பட்டன் மேல "இங்கே சொடுக்கவும்"னு மட்டும் எழுதுறத நான் வெறுக்குறேன். கண்ணு தெரியாதவங்க ஸ்க்ரீன் ரீடர்ல லிங்க் பட்டியல் மட்டும் கேட்டாங்கன்னா இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும்னு ஆறு தடவ கேக்கும். "விடுப்பு விதிகள், பிடிஎஃப், 12 பக்கம், 2 எம்பி"ன்னு எழுதினா என்ன கொறஞ்சு போகுது? ஸ்கேன் பண்ண ஃபைல் 48 எம்பி இருக்கும், தினம் ஒன்றரை ஜிபி பேக் போட்டவங்க டிரெயின்ல வரும்போது அத தெரியாம தட்டினா சாபம் நமக்குத்தான். முடிஞ்சா பக்கத்துக்கே கொண்டு போய் விடுங்க. லிங்க் கடைசியில ஒரு ஹேஷ் குறி போட்டு பேஜ்னு எழுதி சமக்குறி போட்டு நம்பர் போட்டா க்ரோம், ஃபயர்ஃபாக்ஸ்ல நேரா அந்தப் பக்கம் திறக்கும், ஐபோன்ல மட்டும் நம்பி எறங்காதீங்க. நம்பர் போடும்போது அட்டையில இருந்து எண்ணணும், பக்கத்து அடியில அச்சடிச்சிருக்குற நம்பர இல்ல. பொருளடக்கம் நாலு பக்கம் இருந்தா நீங்க நாலு பக்கம் தள்ளிப் போய் விழுவீங்க.

இப்ப அந்தப் பெரிய வம்பு. சென்னைக்கு வடக்க ஒரு கெமிக்கல் தொழிற்சாலை, பேரு வேணாம். பாதுகாப்பு கோர்ஸ் செஞ்சு குடுத்தோம். ஒவ்வொரு கெமிக்கலுக்கும் சேஃப்டி டேட்டா ஷீட்னு ஒண்ணு இருக்கும், பதினாறு பகுதி, நாலாவது பகுதி முதலுதவி. கண்ணுல பட்டா என்ன பண்ணணும், மூச்சுல போனா என்ன பண்ணணும் எல்லாம் அதுல. கோர்ஸ்ல ஒரு ட்ரம் படம், தட்டினா அந்த ஷீட் திறக்கும். ரொம்ப நல்லா வந்த கோர்ஸ். ரெண்டு வருசம் கழிச்சு சின்ன மாத்தம் ஒண்ணுக்காக போனப்ப, அங்க இருந்த சேஃப்டி ஆஃபீசர் ஒரு சார், அமைதியானவர், கோர்ஸ ஓட்டிக்கிட்டே ட்ரம்மத் தட்டினாரு, ஷீட்ட மேல கீழ பாத்தாரு, "தம்பி, இந்த நம்பர்ல இப்ப யாரும் எடுக்க மாட்டாங்க"ன்னாரு. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பர். அவங்க சைடுல ஷீட்ட எப்பவோ மாத்திட்டாங்க, சுவத்துல புதுசு ஒட்டியிருக்கு, இன்ட்ராநெட்ல புதுசு இருக்கு. எங்க கோர்ஸ் ஜிப்புக்குள்ள மட்டும் பப்ளிஷ் பண்ண அன்னிக்கு எடுத்த காப்பி அப்படியே ஊறுகா மாதிரி ஊறிக்கிட்டு கெடக்கு. ரெண்டு வருசமா புதுசா சேந்த எல்லாரும் அந்தப் பழைய நம்பரத்தான் பாத்திருக்காங்க.

தப்பு யாரோடது? எங்ககிட்ட சொல்லலன்னு நாங்க சொல்லலாம், உங்க கோர்ஸுக்குள்ள இருக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்னு அவங்க சொல்லலாம். ரெண்டுமே உண்மை. சார் ரெண்டையும் சொல்லல, "ரெண்டு வருசம் ஒண்ணும் ஆகாம போச்சு, அதுவரைக்கும் சரி"ன்னாரு. திரும்பி வர்ற வழி பூரா எனக்கு மனசு சரியில்ல.

அதுக்கப்புறம்தான் லிங்க் வேலைன்னா மொதல்ல ஒரே ஒரு கேள்வி கேக்க ஆரம்பிச்சேன், இந்த ஃபைல் யாரோடது? மாத்துற உரிமை யாருக்கு இருக்கோ அந்த ஆளு கைக்கு எட்டுற எடத்துலதான் ஃபைல் இருக்கணும். நம்ம ஜிப்புக்குள்ள வச்சுட்டா ஃபைல் அவங்களோடது, சாவி நம்மகிட்ட. கோர்ஸுக்காகவே நாங்க எழுதுற பயிற்சித் தாள், வரைபடம், இதெல்லாம் உள்ளயே இருக்கட்டும், நெட் போனாலும் திறக்கும். விதிமுறை, படிவம், டேட்டா ஷீட், ரேட் கார்டு மாதிரி எவனோ எப்பவோ மாத்தப் போறது எதுவும் உள்ள வரக் கூடாது, கோர்ஸுக்கு கதவு மட்டும் தெரிஞ்சா போதும்.

வெளிய எங்க வைக்குறதுங்குறதுல சண்டை இருக்கு. கூகுள் ட்ரைவ்ல போட்டுக்கலாம்னு எல்லாரும் சொல்வாங்க, திறந்தா "அனுமதி கேளுங்க"ன்னு ஒரு பக்கம் வரும், அந்த அனுமதி குடுக்க வேண்டியவரு வேலைய விட்டுப் போய் ஒரு வருசம் ஆயிருக்கும். இன்ட்ராநெட்ல வச்சா ஆஃபீஸ்ல திறக்கும், வீட்டுல இருந்து படிக்கிறவங்களுக்குத் திறக்காது. எனக்குப் பிடிச்சது எல்எம்எஸ்ஸுக்குள்ளயே தனியா வைக்குறது, ஏன்னா படிக்கிற ஆளு ஏற்கனவே லாகின் பண்ணித்தான் உள்ள இருக்காரு. மூடுல்ங்குற எல்எம்எஸ்ல ஃபைல்னு ஒரு ஐட்டம் சேத்து அதுல பிடிஎஃப்ப ஏத்தினா அதுக்கு ஒரு நம்பரோட முகவரி கிடைக்கும், நாளைக்கு உள்ள இருக்குற பிடிஎஃப்ப மாத்தினாலும் அந்த முகவரி மாறாது. கோர்ஸ்ல அந்த முகவரியத்தான் குடுக்கணும். திறந்து கிடக்குற பிடிஎஃப்போட முகவரிய மேல இருந்து காப்பி பண்ணிக் குடுத்துராதீங்க, அந்த நீள முகவரிக்குள்ள இருக்குற பதிப்பு நம்பர், ஃபைல் பேரு எல்லாம் அடுத்த தடவ மாத்தும்போது மாறும், நான் பட்டிருக்கேன்.

எங்ககிட்ட இப்ப ஒரு எக்ஸெல் இருக்கு, ஒவ்வொரு கோர்ஸுக்கும் ஒரு ஷீட். எந்த ஸ்லைடு, என்ன ஃபைல், உள்ளயா வெளியயா, யாரோடது, கடைசியா எப்ப தட்டிப் பாத்தோம். க்ளையன்ட்ட "யாரோடது"ங்குற கட்டத்த நிரப்பச் சொல்லித்தான் வேலையே ஆரம்பிக்கிறோம். மொதல்ல எரிச்சல் படுவாங்க, ஒரு லிங்க்குக்கு இவ்ளோ கேள்வியான்னு. டெஸ்டிங் அக்கா இன்னும் எங்களோடதான் இருக்காங்க, தாம்பரத்துல டிரெயின் ஏறினா எறங்குறதுக்குள்ள தன் ஃபோன்ல எல்லா லிங்க்கையும் தட்டிடுவாங்க, ஆஃபீஸ் வைஃபைல தட்டிப் பாக்குறதெல்லாம் டெஸ்டிங்கே இல்லைங்குறது அவங்க கட்சி. ஒம்பதரைக்கு மெசேஜ் வரும், "7, 22 செத்துப்போச்சு"ன்னு மட்டும்.

இப்ப ஓடுற ப்ராஜெக்ட்ல முப்பத்தெட்டு லிங்க். முப்பத்தேழுக்கு ஆளு பேரு வந்துருச்சு. பத்தொம்பதாவது லிங்க், பயணப்படி விதிகள், அதுக்கு மட்டும் அந்தக் கட்டம் காலியா கெடக்கு. எச்ஆர்ல கேட்டா அக்கவுன்ட்ஸ்னாங்க, அக்கவுன்ட்ஸ்ல கேட்டா அட்மின்னாங்க, அட்மின்ல இருந்து நேத்து பதில் வந்துச்சு, "இதை எச்ஆர் தான் பார்க்கிறார்கள்". அடுத்த வாரம் கோர்ஸ் லைவ் போகுது, படிக்கிறவங்க மொதல்ல தட்டப் போறதும் அதத்தான்.